தேடப் போகும் படகில் உறவு ஏறாது

ஏப்ரல் 6, ஞாயிறு

பூசை முடிந்து வந்து எழுதுகிறேன். இதை எழுதத் தொடங்கியதற்குக் காரணம் என் மருமகள், மூத்தவன் பெண்டாட்டி பவுலின். நேற்று அடுப்படியில் நின்றுகொண்டு, "நீங்கதான மாமி அவியளப் போகச் சொன்னிய" என்று என் முகத்துக்கு நேரே சொன்னாள். நான் சொல்லவில்லை. எனக்கு வயது எழுபத்திரண்டு. என் ஞாபகத்தை இந்தத் தெருவில் ஒருவரும் குறை சொன்னதில்லை. என் கல்யாணத்துக்கு யார் என்ன சேலை கட்டிக்கொண்டு வந்து என்ன குத்தல் பேசினார்கள் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் வாயால் சொன்னதை வாயாலேயே மறுத்துவிடுகிறார்கள். எழுத்தில் இருக்கட்டும். மடத்துச் சிஸ்டர்மாரிடம் ஐந்தாவது வரைதான் படித்தேன். மூத்தவன் பட்டாளத்தில் இருந்த காலமெல்லாம் அவனுக்குக் கடிதம் எழுதியெழுதிக் கை பழகிவிட்டது.

விஷயம் இதுதான். என் இளைய மகன் மெல்கியோர் போன வருடம் மே மாதம் நேபாளத்தில் ஒரு பனிமலையில் ஏறிவிட்டு இறங்கும்போது இறந்துபோனான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். கல்யாணம் வேண்டாம் என்று மலையைக் கட்டிக்கொண்டான். கூடப் போனவர்கள் அவனை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறான், கயிற்றுக்குப் பக்கத்தில், முழங்காலில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்தபடி. பிறகு ஏறியவன் எவனோ படம் பிடித்துப் போட்டிருக்கிறான். சிவப்புச் சட்டை. 'சிவப்புச் சட்டைக்காரனிடம் வந்துவிட்டால் பாதி ஏறிய மாதிரி' என்று அதன் கீழே எழுதியிருக்கிறதாம். என் பிள்ளை அவர்களுக்கு மைல்கல்.

மூத்தவன் கஸ்பார் அவனை இறக்கிக்கொண்டு வரப் போகிறான். பட்டாளத்தில் பனிக்கட்டிமேல் காவல் நின்றவன். தம்பிக்கு முதலில் பனியைக் காட்டியவனும் அவன்தான். போவது அவனுடைய முடிவு. நான் போ என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 9, புதன்

காலையில் நெத்திலிக் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் வந்து நின்றது சந்தியாகுவின் மகள் மெற்றில்டா. அந்த வீட்டு ஆள் யாரும் என் வாசலுக்கு வந்து எத்தனையோ வருடம் ஆகிறது.

"சித்தி, அப்பா ஒரு வார்த்தை சொல்லிட்டு வரச் சொன்னாவ."

"உங்கப்பாவுக்கு என்கிட்டச் சொல்ல என்ன இருக்கு?"

"கஸ்பார் அண்ணன் மேல ஏற வேண்டாமாம். கூலிக்காரங்க போகட்டும், அண்ணன் கீழ நிக்கட்டும்னு சொன்னாவ. தேடப் போற படகுல உறவு ஏறாதுன்னு சொல்லச் சொன்னாவ."

கையில் இருந்த கருவாட்டை அவள் முகத்தில் எறிந்திருப்பேன். காக்கைக்குத்தான் எறிந்தேன்.

"இது படகு இல்லட்டி. போயி உங்கப்பாகிட்டச் சொல்லு. அவன் சட்டமெல்லாம் தண்ணிக்குத்தான்."

தெரியாதவர்கள் படித்தால் விளங்கவேண்டும் என்று எழுதுகிறேன். எங்கள் மணல்தாழைக் கடற்கரையில் ஒருவன் கடலில் காணாமல் போனால் மற்றப் படகுகள் தேடப் போகும். அந்தப் படகில் காணாமல் போனவனுடைய அண்ணன் தம்பி, தகப்பன், மகன், மைத்துனன் ஒருவனையும் ஏற்றமாட்டார்கள். அவர்களைக் கரையில் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார்கள். உறவுக்காரனை ஏற்றினால் அவன் படகைத் திருப்பவிடமாட்டான், 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்பான், எல்லாரும் சேர்ந்து போகவேண்டியதுதான் என்று காரணம் சொல்வார்கள்.

என் வீட்டுக்காரர் தொம்மை காணாமல் போனபோது கஸ்பார் சின்னப் பையன், மெல்கி வயிற்றில். தேடப் போன படகுக்குத் தண்டல் சந்தியாகு. தண்டல் சொன்னால்தான் படகு போகும், தண்டல் சொன்னால்தான் திரும்பும். என் கொழுந்தன் காலில் விழுந்தும் ஏற்றவில்லை. கடலைப் புரட்டுகிற கச்சான் காற்று எழுந்துவிட்டது என்று வெறும் படகோடு திரும்பி வந்தான் சந்தியாகு. அன்று அவன் நீலக் கட்டம் போட்ட சாரம் கட்டியிருந்தான். கடற்கரையில் எல்லாரும் பார்க்க என் முன்னால் வந்து, "முடியல தங்கச்சி" என்றான். அதன் பிறகு நான் அவனோடு பேசியதில்லை. என் கொழுந்தனை ஏற்றியிருந்தால் திரும்பியிருக்கமாட்டான். கண்டிருப்பான்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வரும். எல்லாரும் அவரவர் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றி உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவார்கள். குழி இல்லாதவர்கள் நடுவில் இருக்கிற பெரிய சிலுவைக்குக் கீழே திரியை நட்டுவிட்டு நிற்கவேண்டும். நான் அங்கேதான் நிற்கிறேன், பிச்சைக்காரிமாதிரி. எனக்கு ஒரு குழி வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

உபவாசம். கஸ்பார் சிலுவையைத் தூக்கிக்கொண்டு கடற்கரை சுற்றி வந்தான். பவுலின் முழுப் பாதையும் அழுதாள். ஆண்டவருக்காக அழவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

காட்மாண்டு. நானும் வந்துவிட்டேன். பவுலினுக்குப் பட்டாளக் குவாட்டர்ஸில் இருந்து பழகிய இந்தி தெரியும், அவள் போதும் என்றார்கள். என் பிள்ளையை வாங்க நான் நிற்கவேண்டும் என்றேன். பேத்தியை என் அக்காள் வீட்டில் விட்டிருக்கிறோம்.

நாங்கள் தங்கியிருப்பது மேலே கூட்டிப் போகிற ஷெர்பாத் தலைவன் நவாங்கின் வீட்டில். கீழே அடுப்படியும் கடையும், மேலே அறைகள். நவாங் குட்டையாய், கன்னம் கருத்து, எதற்கும் சிரிக்கிறவன். அவன் பெண்டாட்டி யாங்ஜிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். காலையில் மொட்டைமாடியில் ஏதோ ஒரு பச்சைத் தழையை எரித்துச் சாமிக்குப் புகை போடுகிறாள். எனக்கு இருமல் வந்தது. ஜன்னலைப் படார் என்று சாத்தினேன். அவள் கேட்டிருப்பாள். கேட்கட்டும்.

சாயங்காலம் எல்லாரையும் உட்காரவைத்து நவாங் பேசினான். பவுலின் எனக்குத் தமிழில் சொன்னாள்.

"ஒடம்பு பனியோட பனியா ஒட்டியிருக்குமாம் மாமி. கோடாலியால வெட்டித்தான் எடுக்கணுமாம். எடுத்தாலும் ரெண்டு ஆளு கனம் இருக்குமாம். அவுக இருக்க எடத்துக்கு மேல பெரிய பனிச்சுவர் தொங்குதாம். வெயில் ஏறினா அது இளகுமாம். அதனால இருட்டோட ஏறி, பத்து மணி ஆச்சுன்னா கையில இருக்கறதப் போட்டுட்டுத் திரும்பிறணுமாம். எடுத்தாலும் சரி, எடுக்காட்டாலும் சரி."

"சரின்னு சொல்லு."

"இன்னொண்ணு சொல்லுதாரு." பவுலின் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "கூடப்பொறந்தவங்க வேண்டாமாம். அவரும் இன்னும் நாலு பேரும் போதுமாம். இவுக கீழ இருக்கட்டும்னு சொல்லுதாரு."

"ஏன்னு கேளு."

"சொந்தக்காரன் திரும்புற நேரத்துல திரும்ப மாட்டானாம்."

கடலைக் கண்ணால் பார்த்திராதவன். இவனுக்கு யார் சொன்னது? சந்தியாகு ஆள்வைத்துச் சொன்னானோ என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன்.

கஸ்பார் இந்தியில் நெடுநேரம் பேசினான். பத்து மணிக்குத் திரும்புவதாக நவாங்கின் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தான். நவாங் சிரிக்காமல் தலையாட்டினான். அவன் சிரிக்காமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஏப்ரல் 26, சனி

புறப்பட்டுப் போனார்கள். கஸ்பாரின் நெற்றியில் சிலுவை போட்டேன். யாங்ஜி நவாங்கின் கழுத்தில் ஒரு மஞ்சள் துணியைப் போட்டாள். அவள் அழவில்லை. பழக்கம் போலிருக்கிறது.

ஏப்ரல் 30, புதன்

கொண்டுவந்த கருவாட்டை இன்று வறுத்தேன். வீடு முழுக்க நாற்றம் என்று யாங்ஜி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள். போய்விட்டுத் திரும்பி வந்து எட்டிப் பார்த்தாள். ஒரு துண்டு நீட்டினேன். கடித்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு இன்னொன்று கேட்டாள். அவள் கொடுக்கிற டீயில் உப்பும் வெண்ணெயும் இருக்கிறது. கஞ்சி என்று நினைத்துக்கொண்டு குடிக்கிறேன்.

காலைப் புகை இப்போது இருமல் வரவைப்பதில்லை.

மே 3, சனி

மழை. அடுப்படியில் மூன்று பேரும் மாவு உருட்டிக்கொண்டிருந்தோம். உள்ளே முட்டைக்கோசு வைத்து மூடுகிற கொழுக்கட்டை. என்னுடையது பிதுங்கிப் போகிறது. யாங்ஜி என் கையைப் பிடித்து மடிப்பு வைக்கக் காட்டினாள். அப்போது ஏதோ கேட்டாள்.

"உங்க மகன எடுத்துட்டு வந்து என்ன செய்வியன்னு கேக்கா மாமி."

குழி, சிலுவை, மெழுகுதிரி எல்லாம் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டாள். பிறகு அவள் சொன்னதைப் பவுலின் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"இவ அண்ணனும் மலையிலதான் செத்தாராம். பனி வெடிப்புக்குள்ள விழுந்துட்டாராம். ஆள் அனுப்பித் தேடவே இல்லயாம். லாமாவக் கூப்பிட்டுப் பூசை பண்ணி விட்டுட்டாகளாம்."

"தேடாமலா? பெத்தவ சும்மாவா இருந்தா?"

"அவ அம்மா சொன்னாளாம், போனது ஒண்ணு, இருக்கறது மூணுன்னு."

"கல்நெஞ்சக்காரி" என்றேன். பவுலின் அதை இந்தியில் சொல்லவில்லை. யாங்ஜி என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். கொழுக்கட்டைத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போனாள். அங்கே இருந்து, திரும்பாமலே ஒன்று சொன்னாள்.

"என்ன சொல்லுதா?"

"செத்தவுக உக்காந்துதான இருக்காக, ஒரு எடத்துக்கும் போகப் போறதில்லங்கா. அவ புருசன்தான் நடமாடிக்கிட்டு இருக்காருங்கா."

அவரவருக்கு அவரவர் பிள்ளை.

மே 6, செவ்வாய்

மேலே பனி கொட்டுகிறதாம். கூடாரத்துக்குள்ளேயே இருக்கிறார்களாம். ஜெபமாலை சொன்னேன்.

மே 9, வெள்ளி

கஸ்பார் போனில் வந்தான். குரல் கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி இருந்தது. "தூரத்துல இருந்து பாத்துட்டேம்மா. சிவப்பா தெரியுது. நமக்காகக் காத்துக்கிட்டு இருக்க மாதிரியே உக்காந்திருக்கான்" என்றான். மூச்சு வாங்கினான். பவுலின் போனை வாங்கி, பத்து மணி, பத்து மணி என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு மெற்றில்டாவும் போன் பண்ணினாள். "அப்பா பேசணும்ங்காவ சித்தி, ஒரு நிமிசம்" என்றாள். அந்தப் பக்கம் கிழவன் இருமுவது கேட்டது. "தங்கச்சி..." என்று ஆரம்பித்தான். நான் போனை வைத்துவிட்டேன்.

பவுலின் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவரு என்னதான் சொல்லுதாருன்னு கேட்டா என்ன மாமி கொறஞ்சு போயிரும்?"

"அவன் திரும்பி வந்தவன்ட்டி. அவன்கிட்ட என்ன கேக்க?"

"திரும்பி வந்தா தப்பா? அப்ப இவுக திரும்பி வந்தாலும் பேசமாட்டியளோ? அதத்தான பஸ் ஸ்டாண்டுல சொன்னிய!"

"நான் என்ன சொன்னேன்?"

"தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டுல, எல்லாரும் நிக்கையில. 'பனியக் காட்டுனவன் நீ, அவன் இல்லாம என் வாசப்படிய மிதிக்காத'ன்னு சொன்னிய. இவுக பையத் தோள்ல போட்டுக்கிட்டுக் குனிஞ்சு நின்னாக. நான் மறப்பேனா?"

அது போ என்று சொன்னது ஆகாது. அது வேறு. புறப்படுகிற அவசரத்தில் வருகிற பேச்சு. அதை எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பவுலினுக்கு ஞாபகம் நன்றாகத்தான் இருக்கிறது.

மே 12, திங்கள்

இருட்டோடு ஏறினார்கள் என்று விடிந்ததும் சொன்னார்கள். யாங்ஜி இன்று இரண்டு தடவை புகை போட்டாள். அடுப்பில் ஒன்றும் வைக்கவில்லை. நான் அரிசி களைந்து வைத்தேன். அதையும் யாரும் பார்க்கவில்லை.

பத்து மணி தாண்டியது. சேதி இல்லை. பதினொன்றும் ஆனது. ஏற்பாடு பண்ணின மலையேற்றக் கம்பெனி ஆள் ஓடிவந்து மூன்று பேரையும் ஆபீசுக்குக் கூட்டிப் போனான். மூன்று ஷெர்பாக்கள் இறங்கிக் கூடாரத்துக்கு வந்துவிட்டார்களாம். நாலாவது ஆள் பாதி வழியில் நிற்கிறானாம். கஸ்பார் வரமாட்டேன் என்கிறானாம். நவாங் அவனை விட்டுவிட்டு இறங்கமாட்டேன் என்கிறானாம். மலையடிவாரத்துக் கூடாரத்தில் ஒரு ஆள் போனையும் வாக்கிடாக்கியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இங்கே பேசினால் அங்கே கேட்கும்.

பவுலின் கத்திப் பார்த்தாள். மகள் பெயரைச் சொல்லி அழுதாள். அவன், "அம்மாட்டக் குடு" என்று மட்டும் சொன்னான்.

"எம்மா."

"எய்யா, வந்துரு."

"அவ சொல்லச் சொன்னாளா?"

"நாந்தாம்ல சொல்லுதேன். வந்துரு."

"பக்கத்துல நிக்காள்ல? நீ இப்பிடிப் பேசுத ஆளு இல்லம்மா, எனக்குத் தெரியாதா? இடுப்பு வரைக்கும் பனிய வெட்டி எடுத்துட்டேன். ரெண்டு காலுந்தான் கெடக்கு. இன்னும் கொஞ்சம். கூட்டிட்டு வந்துருவேன்."

இன்னும் கொஞ்சம் என்றான்.

பவுலின் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அழுத்திச் சொல்லுங்க மாமி, அழுத்திச் சொல்லுங்க."

நான் கேட்டேன்: "ஏல, மூஞ்சி எப்பிடி இருக்கு?"

பவுலின் என்னை விட்டுவிட்டுச் சுவரோரமாகப் போய் நின்றாள்.

"அப்பிடியே இருக்கும்மா. ஒண்ணுமே ஆகல. தாடியில மட்டும் பனி. தூங்குத மாதிரி இருக்கான்."

"கண்ணு?"

"மூடித்தாம்மா இருக்கு."

"கழுத்துல ஜெபமாலை கெடக்கா? நான் போட்டு விட்டது."

"சட்டைக்குள்ள பாக்கணும். இரு."

பார்க்கப் போனான். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. போனில் காற்று மட்டும் கேட்டது. நான் காதை எடுக்கவில்லை. அது மெல்கியின் பக்கத்தில் அடிக்கிற காற்று. ஒரு வருடம் அவன் கேட்ட காற்று.

"கெடக்கும்மா" என்றான். அழுதான். நானும் அழுதேன்.

யாங்ஜி என் கையிலிருந்து போனை வாங்கினாள், பிடுங்கவில்லை. நவாங்கோடு அவர்கள் பாஷையில் பேசினாள். அவன் குரல் அமைதியாக இருந்தது, சந்தையில் நின்று என்ன வாங்கவேண்டும் என்று கேட்கிற மாதிரி. அவள் இரண்டு வார்த்தை சொன்னாள், அவன் ஒரு வார்த்தை சொன்னான். போனை என்னிடம் நீட்டிவிட்டுப் பவுலினைப் பார்த்தாள்.

"வெயில் சுவர்ல விழுந்துட்டாம் மாமி" என்றாள் பவுலின் சுவரோரத்தில் இருந்தே. "சத்தம் கேக்க ஆரம்பிச்சிட்டாம். அம்மா சொன்னாத்தான் இவுக எறங்குவாக, இவுக எறங்கினாத்தான் அவ புருசன் எறங்குவாருன்னு சொல்லுதா."

நான் வா என்று சொன்னால் அவன் நம்பவில்லை. கெஞ்சினால் பவுலின் சொல்லிக்கொடுத்தது என்பான். அதட்டினாலும் அப்படித்தான். எவளும் எனக்குச் சொல்லிக்கொடுத்துச் சொல்லவைக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"கஸ்பாரு."

"சொல்லும்மா."

"சந்தியாகு படகத் திருப்பினது சரி."

காற்று அடித்தது.

"என்னம்மா சொன்ன?"

"திருப்பாம இருந்திருந்தா அன்னைக்கு அஞ்சு வீட்டுல எழவு விழுந்திருக்கும். அவன் செஞ்சதுதான் சரி. ஒங்கப்பாவ விட்டுட்டு வந்தான், அது சரி. இப்ப நீ தம்பிய விட்டுட்டு வா. என் வாசப்படி ஒனக்குத் தொறந்துதான் கெடக்கு. கேட்டுதால?"

பிறகு, "வாறேம்மா" என்றான்.

அவனை இறக்குவதற்காகச் சொன்னேன். அப்படித்தான் நினைக்கிறேனா என்று எனக்கு இன்னும் தெரியாது.

யாங்ஜி என் இரண்டு கையையும் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

நாங்கள் ஆபீஸ் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தோம். கம்பெனி ஆள் டீ கொண்டுவந்தான். அதைக் குடித்து முடிப்பதற்குள் போன் அடித்தது.

மே 13, செவ்வாய்

கஸ்பார் உயிரோடு இருக்கிறான். ஹெலிகாப்டரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கை விரல்கள் கருத்திருக்கின்றன. சில விரலை எடுக்கவேண்டும் என்கிறார்கள்.

நவாங் இல்லை.

கஸ்பாரை முன்னால் இறங்கவிட்டு, கயிற்றை அவிழ்த்துக்கொண்டு கடைசியாக வந்திருக்கிறான். கஸ்பார் ஒரு பாறையின் மறைவுக்கு வந்துவிட்டான். மேலே இருந்த சுவர் அப்போது விழுந்தது. கீழே நின்ற ஷெர்பா ஏறி வந்துதான் கஸ்பாரை இழுத்து எடுத்திருக்கிறான். மெல்கி இருந்த இடமே இல்லையாம். சிவப்பு எங்கேயும் தெரியவில்லையாம். இரண்டு பேரும் ஒரே பனிக்குக் கீழே.

"கொஞ்சம் முந்தி எறங்கியிருந்தா, எம்மா" என்றான் கஸ்பார். எவ்வளவு முந்தி என்று நான் கேட்கவில்லை.

மே 15, வியாழன்

வீடு நிறைய ஆட்கள். லாமாக்கள் மேளம் கொட்டுகிறார்கள். நான் அறையிலேயே இருந்தேன். பிறகு அப்படி இருப்பது சரியில்லை என்று கீழே போய்ப் பாத்திரம் கழுவினேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மத்தியானம் கஸ்பார் ஆஸ்பத்திரியில் சொல்லாமல் கட்டோடு வந்துவிட்டான். யாங்ஜியின் முன்னால் முழங்காலில் விழுந்தான். 'விரல் ஆறியதும் நானே மேலே போய் நவாங்கைக் கொண்டுவருவேன், சத்தியம்' என்று இந்தியில் சொன்னான். நவாங்கின் தம்பி, 'நானும் வருவேன்' என்று எழுந்தான். இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். ஆம்பிளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் சத்தமாகப் பேசினார்கள்.

நான் யாங்ஜியைப் பார்த்தேன். அவள் ஒரு வார்த்தை சொன்னால் அவ்வளவு பேரும் போவார்கள். எனக்கு அது தெரியும். அந்த வார்த்தை எப்படி நாக்கு நுனியில் வந்து நிற்கும் என்பதும் தெரியும்.

அவள் ஏதோ சொன்னாள். சத்தமாக இல்லை. எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

"என்னட்டி சொன்னா?" என்று பவுலினிடம் கேட்டேன்.

"யாரும் போக வேண்டாம்னுட்டா."

மே 17, சனி

நாளை ஊருக்குப் புறப்படுகிறோம். விரலை அங்கே போய் எடுத்துக்கொள்ளலாம் என்று கஸ்பார் சொல்லிவிட்டான்.

சாயங்காலம் யாங்ஜி அடுப்படியில் பவுலினிடம் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். பவுலின் மேலே வந்ததும் கேட்டேன். முதலில் ஒன்றும் இல்லை என்றாள். நான் விடவில்லை.

"அன்னைக்குப் போன்ல நீங்க பேசினது எல்லாத்தையும் கேட்டா. அவளுக்குத் தமிழ் தெரியாதுல்ல. ஒவ்வொண்ணா கேட்டா. சொன்னேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"மூஞ்சி எப்பிடி இருக்குன்னு கேட்டதையுமா?"

"ஜெபமாலை பாக்கச் சொன்னதையும். நான் பொய் சொல்ல மாட்டேன் மாமி. அவ புருசன் செத்திருக்காரு."

நான் பவுலினைத் திட்டவில்லை. இப்படி ஒருத்தி என்னிடம் கேட்டிருந்தால் நானும் சொல்லியிருப்பேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கீழே போனேன். யாங்ஜி கஸ்பாருக்கு ஊட்டிவிட ஸ்பூன் கொண்டுவந்து பவுலினிடம் கொடுத்தாள். எனக்கும் சோறு வைத்தாள், பருப்பு ஊற்றினாள், தண்ணீர் வைத்தாள். ஒன்றிலும் குறையில்லை. நான் அவள் கையைத் தொட்டேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. நான் எடுக்கும்வரை அப்படியே நின்றுவிட்டு, அடுத்த தட்டுக்குப் போனாள். முகத்தைத் திருப்பியும் பார்க்கவில்லை, திருப்பிக்கொள்ளவும் இல்லை. நான் அங்கே இல்லாத மாதிரி.

சந்தியாகு பூசைக்கு வரும்போதெல்லாம் நான் அப்படித்தான் அவனைக் கடந்து போவேன்.

கத்துகிறவளை ஒருநாள் சமாதானம் பண்ணிவிடலாம். இதைச் சமாதானம் பண்ண முடியாது. ஊருக்குப் போனதும் சந்தியாகு வீட்டு வாசலுக்குப் போகிறேன் என்று கஸ்பாரிடம் சொல்லியிருக்கிறேன். போவேன். கிழவன் இருமிக்கொண்டு உட்காரச் சொல்லுவான். அதோடு அது முடிந்துவிடும்.

யாங்ஜிக்கு முப்பத்தைந்து வயதுதான் ஆகிறது. அவளுக்கு இன்னும் நிறைய வருடம் இருக்கிறது.